புதுப் பூங்கா திட்டமிடும்போது மக்கள் கருத்து எந்தக் கட்டத்தில் எடுபடும்?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக: சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு புது லேஅவுட். புரமோட்டர் மாநகராட்சிக்கு விட்ட ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் சுமார் 5 கிரவுண்ட் புதர் மண்டிக் கிடக்கிறது. அங்கே பூங்கா வரப்போவதாகப் பேச்சு. குடியிருப்போர் எங்கே, எப்போது தங்கள் கருத்தைச் சொன்னால் பலன் இருக்கும்?

எஸ்டிமேட், அதாவது பொறியாளர் போடும் செலவு மதிப்பீடு, தயாராவதற்கு முன்னால். நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று அதற்குப் பிறகு வரும் எல்லாமே எஸ்டிமேட்டில் இருக்கும் இனங்களையும் (என்னென்ன வேலைகள்) அளவுகளையும் வைத்துத்தான் நகரும். பணி ஆணை கொடுத்த பிறகு "நடைபாதையைக் குறைத்துவிட்டுக் கழிப்பறை வையுங்கள்" என்றால், திருத்திய எஸ்டிமேட் போட்டு மறுபடி மேலே அனுப்ப வேண்டும். அந்த வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள். பூமி பூஜை அன்று கருத்துக் கேட்டால் சுவருக்கு என்ன பெயின்ட் என்பது வரைக்கும்தான் உங்கள் பேச்சு போகும்.

அதற்கும் முன்னால் நிலம் உண்மையிலேயே மாநகராட்சியுடையதா என்று பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பரப்பில் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்குப் பணம் கட்ட முடியாது. 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் அதன் அரசு வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். சின்ன லேஅவுட்டுகள் பலவற்றில் பூங்காவே இல்லாததற்குப் பாதிக் காரணம் பணம் கட்டித் தப்பிக்கும் இந்த வழிதான். வரைபடத்தில் "பூங்கா" என்று பச்சை அடித்திருப்பது போதாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் பெற்ற லேஅவுட் வரைபடம், தானப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்து சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய லேஅவுட்டுகளில் தானப் பத்திரமே எழுதாமல் விட்டு, பிறகு அதே இடத்தை மனையாக விற்ற கதைகள் உண்டு. அப்படியிருந்தால் முதல் வேலை அளவெடுத்து வேலியும் பெயர்ப்பலகையும் போட வைப்பது, பூங்கா பிறகு.

சட்டத்தின் துணையும் உண்டு. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் சட்டம் 1959-லிருந்தே இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர்தான்.

முறையான மேடை, ஏரியா சபை. 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஏரியா சபைகளும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று அவை கூடத் தொடங்கின. சபையில் தெருவிளக்கும் கழிவுநீரும் நேரம் முழுவதையும் விழுங்கிவிடும். எனவே வாயால் பேசிவிட்டு வராதீர்கள். சர்வே எண், பரப்பு, கேட்கும் இனங்கள், கையெழுத்துகள் என ஒரே பக்கத்தில் மனுவாகக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதன் நகலோடு மண்டலப் பொறியாளரையும் பூங்காத் துறையையும் பார்த்தால், உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடும்போது அது கோப்பில் இருக்கும்.

பணத்துக்கு வார்டு மேம்பாட்டு நிதி, எம்.எல்.ஏ. நிதி, மாநகராட்சியின் மூலதன நிதி என்று வழிகள் இருக்கின்றன. நமக்கு நாமே திட்டத்தில் போவதென்றால் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். வேலை வேகமாக நடக்கும். ஆனால் பணம் போட்டவர்கள் பூங்காவைத் தங்கள் சங்கத்தின் தோட்டமாக நினைக்க ஆரம்பிப்பார்கள். பூங்கா எல்லோருக்கும் பொது என்று தீர்மானத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

இனி கருத்துக் கேட்பது. வேலைநாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் வருவது ஓய்வுபெற்ற ஆண்கள். அவர்கள் கேட்பது நடைபாதை, பெஞ்ச், நாளிதழ் மேடை. தவறில்லை, ஆனால் அது ஊரின் ஒரு பகுதிதான். அங்கன்வாடி வாசலில் பிள்ளையைக் கூப்பிட வரும் தாய்மார்கள், பள்ளி விட்டுவரும் 10 வயதுக்காரர்கள், சுற்று வீடுகளில் வேலை செய்பவர்கள், நிழல் தேடி வண்டியை நிறுத்தும் டெலிவரி இளைஞர்கள் ஆகியோரைத் தனித்தனியாக, அவர்கள் இருக்கும் இடத்திலேயே போய்க் கேட்க வேண்டும். பூங்காவிலிருந்து 400 மீட்டர் என்பது சுமார் ஐந்து நிமிட நடை. அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லாத் தெருவுக்கும் நோட்டீஸ் போக வேண்டும், லேஅவுட்டுக்கு வெளியே உள்ள குடிசைப் பகுதி உட்பட.

"என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், நீச்சல் குளத்திலிருந்து சிலை வரை வரும். ஒவ்வொருவர் கையிலும் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். கழிப்பறைக்கு நான்கு, ஊஞ்சல் சறுக்குக்கு மூன்று, திறந்தவெளி ஜிம்முக்கு மூன்று, மரக்கன்றுகளுக்கு ஒன்று என்று செலவுக்கு ஏற்றபடி விலை வையுங்கள். கொட்டை தீர்ந்தால் தீர்ந்ததுதான். எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பது அப்போதுதான் தெரியும், பொறியாளருக்கும் அந்தக் கணக்குதான் பயன்படும்.

பிறகு புதரை வெட்டிவிட்டு, வரைபடத்தில் உள்ளதைச் சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே முழு அளவில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காகிதத்தில் யாருக்கும் அளவு பிடிபடாது. 5 கிரவுண்ட் என்பது சுமார் 1,115 சதுர மீட்டர். ஓரமாக 1.8 மீட்டர் அகலத்தில் 120 மீட்டர் நடைபாதை போட்டால் 216 சதுர மீட்டர் போய்விடுகிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க அந்த அகலம் தேவை. அதைக் குறைத்தால் எதிரே வருபவருக்காக ஒதுங்கி மண்ணில் இறங்குவார்கள். கோட்டின் மேல் நடந்து பார்க்கும்போதே "ஊஞ்சல் இங்கே ஆடினால் காலில் இடிக்குமே" என்று ஒரு பாட்டி சொல்லிவிடுவார். பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை அங்கே நின்று பாருங்கள். சறுக்கு வைக்கும் இடத்தில் மேற்கு வெயில் அடித்தால் மே மாதத்தில் எந்தக் குழந்தையும் அதில் உட்காராது. ரப்பர் தரையும் அப்படியே கொதிக்கும்.

அதிகம் சண்டை வருவது கழிப்பறைக்குத்தான். எல்லோருக்கும் வேண்டும், ஆனால் தன் வீட்டுச் சுவர் ஓரத்தில் வேண்டாம். அதை நுழைவாயில் பக்கம், தெருவைப் பார்த்தபடி வைத்தால் எதிர்ப்பும் குறையும், பாதுகாப்பும் கூடும். பாதாளச் சாக்கடை இணைப்பும் தண்ணீரும் எஸ்டிமேட்டில் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். கட்டி முடித்துப் பூட்டியே கிடக்கும் கழிப்பறைகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

புல்தரை படத்தில் அழகு. கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் 300 சதுர மீட்டருக்கு 1,500 லிட்டர், அதாவது ஆறு நாளைக்கு ஒரு 9,000 லிட்டர் லாரி. போர்வெல் உப்பாக இருந்தால் அதுவும் கருகும். அந்த இடத்துக்குப் புங்கன், பூவரசு, மகிழம், நாவல் போதும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் குல்மோகரும் மஞ்சள் வாகையும் எப்படிச் சாய்ந்தன என்பது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். தாழ்வான மூலையை மண் கொட்டி மேடாக்க விடாதீர்கள். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்த 5 கிரவுண்டில் மட்டும் 1.1 லட்சம் லிட்டர் விழுகிறது. அந்த மூலையைப் பள்ளமாகவே விட்டுக் கீழே உறைகிணறு போட்டால் தெருவுக்கு நல்லது.

எதை ஏற்றார்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி வேலியில் ஒட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாததால்தான் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை.

வேலை நடக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கட்டட இடிபாட்டைக் கொட்டி மேலே ஒரு சாண் செம்மண் மூடினால் செடி ஒரு வருடம்கூட நிற்காது. ஜல்லி அடுக்கை ரோலர் போட்டுக் கெட்டிக்காமல் 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக்கைப் பதித்தால் முதல் மழையிலேயே அமுங்கும். ஒப்பந்தத்தின் குறைதீர்ப்புக் காலத்துக்குள் (வேலை முடிந்த பிறகும் ஒப்பந்ததாரர் பொறுப்பில் இருக்கும் காலம்) எழுதிக் கொடுத்தால் ஒப்பந்ததாரர் செலவிலேயே சரிசெய்ய வைக்கலாம்.

வாயிலில் பைக் நுழையாமலிருக்கக் குறுக்கே கம்பி நடுவார்கள். அதிலேயே சக்கர நாற்காலியும் நின்றுவிடும். குறைந்தது 90 சென்டிமீட்டர் தெளிவான வழி ஒன்றும், 1:12 சரிவும் (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்) வேண்டும். சாவி யாரிடம், நண்பகலில் பூட்டுவதா திறப்பதா என்பதையும் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். வாய்மொழியாக விட்டால் காவலாளியின் சாப்பாட்டு நேரம்தான் பூங்காவின் நேரம்.