பனியாற்றின் மேல் நடை: கேள்வி பதில்

ஐஸ்லாந்தின் தென்பகுதியில் உள்ள சோல்ஹெய்மாயோக்குல் பனியாற்றில் (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனித்திரளில்) ஐந்து ஆண்டுகள் வழிகாட்டியாகப் பணியாற்றியவன் என்ற முறையில், அங்கே செல்லவிருக்கும் அன்பர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறேன்.

கேள்வி: பனியையே கண்டிராத நான் வழுக்காமல் நடக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். காலணியின் அடியில் வாரால் இறுக்கிக் கட்டும் கிராம்பான் என்ற இரும்பு முட்சட்டத்தை உங்களுக்குத் தருவார்கள். குதிகாலை முதலில் ஊன்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, எல்லா முட்களும் ஒருசேரப் பனியில் இறங்கும்படி முழுப் பாதத்தையும் பதிக்க வேண்டும். ஒரு காலின் முள் மறுகாலின் கால்சட்டையில் மாட்டி விழுபவர்களே அதிகம் என்பதால், கால்களைச் சற்று அகட்டி வைத்தே நடக்க வேண்டும். கணுக்காலை மூடும், அடிப்பாகம் வளையாத காலணி கட்டாயம். ஜீன்ஸ் கூடவே கூடாது.

கேள்வி: படங்களில் பனி ஏன் கரியைப் பூசியதுபோல் இருக்கிறது?

பதில்: அது எரிமலைச் சாம்பல். இந்தப் பனியாறு இறங்கி வரும் மீர்டால்ஸ்யோக்குல் என்ற பெரும் பனிக்கவிகைக்கு (மலையைக் கவிந்து மூடிய பனிப்பரப்புக்கு) அடியில், 1918இல் பெரிதாக வெடித்த காட்லா எரிமலை இருக்கிறது. அருகிலுள்ள எயாஃபியாட்லயோக்குல் எரிமலை 2010இல் வெடித்தபோதும் சாம்பல் கொட்டியது. மெல்லிய சாம்பல் வெயிலின் சூட்டை வாங்கிப் பனியை விரைவாக உருக்கும். தடித்த சாம்பலோ போர்வைபோல் மூடி, தன்னடியில் உள்ள பனியைக் காக்கும். அதனால் சுற்றிலும் பனி தாழ்ந்துபோக, சாம்பல் மூடிய இடம் மட்டும் கூம்பாக எஞ்சி நிற்கும். பார்வைக்கு அது மணற்குவியல். பனிக்கோடரியின் நுனியால் லேசாகக் கீறினால், இரண்டு விரற்கடை கருமண்ணுக்குக் கீழே கண்ணாடி போன்ற பனி பளிச்சிடும். நூறு முறை கீறிக் காட்டியும் எனக்கு அந்தக் காட்சி அலுத்ததில்லை.

கேள்வி: ஜீன்ஸ் அணியலாமா?

பதில்: கூடாது என்று முன்பே எழுதியிருக்கிறேன். நனைந்த பருத்தித் துணி உடற்சூட்டை உறிஞ்சிவிடும்.

கேள்வி: விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

பதில்: அது என் துறையன்று. தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி: இமயமலையில் பலமுறை மலையேறியவன் நான். வழிகாட்டிக்கு எதற்குப் பணம்?

பதில்: ஐயா, மலைப்பாதை நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும், பனியாற்றில் அப்படி இல்லை. காலையில் நாங்கள் கோடரியால் வெட்டிய படிகள் வெயில் நாளில் மாலைக்குள் கரைந்துவிடும். உருகுநீர் குடைந்த செங்குத்தான குழிகள் விளிம்பில் நிற்பவருக்கு ஆழம் காட்டுவதில்லை. குளிர்காலத்தில் புதுப்பனி விழுந்து பனியாற்றில் உள்ள ஆழமான பிளவுகளையும் மூடிவிடும். உங்கள் மலையேற்றத் திறனை நான் மதிக்கிறேன், ஆனால் அன்றைய பனியை அன்று பார்த்தவருக்கே வழி தெரியும்.

கேள்வி (அவரே): 2024 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் இன்னொரு பனியாறான பிரெய்தாமெர்குர்யோக்குலில் வழிகாட்டியுடன் சென்றவர்தானே இறந்தார்?

பதில்: உண்மை, மறுக்கவில்லை. பனிச்சுவர் இடிந்து ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். ஆனால் அது நடந்தது ஆகஸ்டில். உருகுநீர் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும் கோடையில் இயற்கையான பனிக்குகைகளுக்கு அருகே ஆட்களை அழைத்துச் செல்வதே தவறு என்று எங்களில் பலர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தோம். வழிகாட்டி இருந்தும் விபத்து நேர்ந்தது என்பதால் வழிகாட்டியே வேண்டாம் என்று முடிவு செய்வது பொருந்தாது. எப்படிப்பட்ட நிறுவனத்துடன் செல்கிறோம் என்பதை ஆராய வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படுவது.

கேள்வி: ஓட்டப்பயிற்சிக் காலணி போதாதா?

பதில்: போதாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (இமயமலை அன்பர்): சரி, பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் என்ன கேட்பது?

பதில்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், பிளவில் விழுந்தவரை மீட்கும் பயிற்சி அவருக்கு உண்டா, அன்று காலை பாதையைப் பார்த்தவர் யார், வானிலை கெட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். பிறகு, ஜூலையில் இயற்கையான பனிக்குகைக்குள் அழைத்துச் செல்வீர்களா என்றும் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.