வெள்ளைப் பனிக்கட்டி என்று யார் சொன்னது?

கேள்வி: வால் நட்சத்திரம் அவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறதே, அதன் நடுவில் இருக்கும் வெள்ளைப் பனிக்கட்டி எவ்வளவு பெரியது? (வாசகர், பெரம்பூர்)

பதில்: அளவு அப்புறம். முதலில் அந்த 'வெள்ளை'யை விடுங்கள். பள்ளிக் கண்காட்சிகளில் வெள்ளைத் தெர்மாகோல் உருண்டைக்குப் பரிசு கொடுக்கும் நடுவர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. 1986-ல் ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால் நட்சத்திரத்தின் கருவை, அதாவது நடுவில் இருக்கும் கட்டியை, நெருங்கிப் பார்த்தது. நீளம் சுமார் 15 கிலோமீட்டர். மேலே விழும் வெளிச்சத்தில் 4 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு! நாம் பார்க்கும் பிரகாசமெல்லாம் அதிலிருந்து கிளம்பும் வாயுவும் தூசியும் தருவது. வெயில் பட்டுப் பனி ஆவியாகப் போய்விடும். கரிமம் நிறைந்த தூசு மேலே தங்கிவிடும்.

உருண்டை என்பதும் தப்பு. 2014-ல் ரோசெட்டா விண்கலம் போய்ச் சேர்ந்த சுர்யுமோவ்-கெராசிமென்கோ வால் நட்சத்திரம், கழுத்துப் போன்ற இடத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு கட்டிகள். பெரியது சுமார் 4 கிலோமீட்டர். குழிகள், செங்குத்துப் பாறைகள், தூசு படிந்த சமவெளிகள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அடர்த்தி தண்ணீரில் பாதிதான். உள்ளே முக்கால் பங்கு வெற்றிடம். 2015 ஜூலையில் ஆஸ்வான் என்று பெயரிட்ட 134 மீட்டர் பாறைமுகத்தில் ஒரு பகுதி சரிந்தது. உள்ளேயிருந்து பளிச்சென்று பனி வெளிப்பட்டது. நீங்கள் கேட்ட வெள்ளை அங்கேதான் இருந்தது, கறுப்புக்கு அடியில்.

இவ்வளவு தளர்ந்த பொருள் உடையாமல் இருக்குமா? பீலா வால் நட்சத்திரம் 1846-ல் இரண்டாகத் தெரிந்தது, 1852-க்குப் பிறகு காணவேயில்லை. 1872 நவம்பர் 27 இரவு அதன் பாதையில் இருந்து எரிகற்கள் மழையாகக் கொட்டின. உடனே ஜெர்மனியின் வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் பீலாவைத் தேடச் சொல்லித் தந்தி அடித்தது எங்கே தெரியுமா? நம்ம நுங்கம்பாக்கத்துக்கு! அங்கிருந்த வானாய்வகத்தின் வானியலாளர் போக்சன் டிசம்பர் 2, 3 தேதிகளில் ஒரு வால் நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டார். அப்புறம் மேகம் மூடிவிட்டது. அது பீலாதானா என்று வெகுகாலம் வாதம் நடந்தது.

அந்த வானாய்வகத்தின் 1792-ம் வருடத்துக் கல்தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழிலும் எழுத்துப் பொறித்து. சென்னைப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதினேன். மறுபடியும் எழுதுகிறேன்.