அப்பாச்சி 2.2 இலிருந்து 2.4: 403 போய்விட்டது என்று நிம்மதி அடையாதீர்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பழைய வழங்கியில் அப்பாச்சி 2.2 வலைவழங்கி மென்பொருள் இருந்தது. 2.4க்கு மாறியதும் தளம் முழுவதும் 403, அதாவது அனுமதி மறுப்பு, காட்டியது. இணையத்தில் கண்டபடி, ‘அலவ் ஃப்ரொம் ஆல்’ என்று இருந்த இடமெல்லாம் ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்று மாற்றினேன், எல்லாம் சரியாகிவிட்டது. இதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

செய்ய வேண்டும். ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கண்டதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். இதே மாற்றத்தை இதே முறையில் செய்து, இதே வசனத்தைப் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போனவன் நான். அதன் பிறகு ஒன்பது நாட்கள், ஒரு பாடசாலையின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன.

2.2இன் கடைசி வெளியீடு 2017இலேயே வந்துவிட்டது, இன்னமும் அதைப் பற்றிக் கதைப்பதா என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி மொறிஸ் மைனர் ஓட்டிய ஊரிலிருந்து எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறும் வழக்கம் எங்களிடம் குறைவு. கேள்வி கேட்டவரிடமும் பழைய வழங்கி ஒன்று இருந்திருக்கிறது. ஆகவே பதில் அவருக்குத்தான். கட்டளைச் சொற்களை வாசிப்பதற்கு இலகுவாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்காக ஒரு சிறிய வழங்கியைச் சில ஆண்டுகள் சம்பளமின்றிப் பார்த்துவந்தேன். சம்பளமில்லை என்பதைப் பிழைக்குச் சாட்டாகச் சொல்லவில்லை. யார் வேலை செய்தார், எத்தனை பேர் சரிபார்த்தார்கள் என்ற கேள்வி வருமென்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். நான் ஒருவன்தான், சரிபார்க்க எவரும் இருக்கவில்லை. அந்த வழங்கியில் உபுண்டு 12.04 இயங்குதளம் ஓடியது. அப்பாச்சி 2.4 வெளிவந்தது 2012 பெப்ரவரியில், உபுண்டு 12.04 வந்தது அதே ஆண்டு ஏப்ரலில். இரண்டு மாத இடைவெளியில் புதிய பதிப்பு அதற்குள் ஏறவில்லை, 2.2 தான் வந்தது. ஐந்து ஆண்டு ஆதரவு 2017 ஏப்ரலில் முடிந்ததும், இனியும் தள்ளிப்போட முடியாது என்று, மே மாத வெசாக் விடுமுறையில் கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே டொங்கிள் இணைப்பில், அப்பாச்சி 2.4 உள்ள உபுண்டு 14.04க்கு ஏற்றத் தொடங்கினேன்.

பழைய அமைவுக் கோப்பை வைத்திருப்பதா, புதியதை இடுவதா என்று இடைநடுவில் கேட்டது. பழையதையே வைத்திரு என்றேன். அப்பாச்சி எழும்பவே மறுத்தது. ‘லொக்ஃபைல்’ என்ற கட்டளை தனக்குத் தெரியாது என்றது, 2.4இல் அதன் இடத்தை ‘மியூற்றெக்ஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டது. சரியென்று புதிய அமைவுக் கோப்பை இட்டேன். இப்போது எழும்பியது, ஆனால் எங்கள் தளத்தைக் காணவில்லை. தளக் கோப்புகளின் பெயர் ‘கொன்ஃப்’ என்ற ஒட்டுடன் முடிந்தால் மட்டுமே புதிய உபுண்டு அவற்றை வாசிக்கும் என்பதை அறிந்து, பெயர்களை மாற்றி, இணைப்புகளை மீண்டும் போட்டேன். அதன் பிறகுதான் நீங்கள் கண்ட அந்த 403 எனக்கும் வந்தது. பிழைப் பதிவில் ஏஎச்01630 என்ற எண்ணும், வழங்கியின் அமைவே இந்த வாசகரை மறுத்தது என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தன.

காரணம் இதுதான். உபுண்டுவின் புதிய அமைவுக் கோப்பு, வேர் அடைவிலிருந்து எல்லாவற்றையும் ‘ரிக்வயர் ஆல் டினைட்’ என்று மூடிவிட்டு, வழமையான வலை அடைவு போன்ற ஓரிரண்டை மட்டும் திறந்து விடுகிறது. எங்கள் தளம் வேறொரு அடைவில் இருந்தது. என் பழைய ‘அலவ் ஃப்ரொம் ஆல்’ அந்த மூடலைத் திறக்காது, ஏனெனில் அது பழைய கட்டளைகளுக்காக இடைக்காலத் துணையாக விடப்பட்ட வேறொரு மொடியூலின் சொல். இரவு பதினொன்றரை. பத்துப் பன்னிரண்டு கோப்புகள். முதலில் கண்ட பதிலில் இருந்த ‘செட்’ என்ற, கோப்புகளில் சொற்களைத் தேடி மாற்றும் ஒற்றை வரிக் கட்டளையை எடுத்து, ‘ஓடர்’ வரிகளை அழித்து, ‘அலவ் ஃப்ரொம் ஆல்’ என்றவற்றை ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்று ஒரே வீச்சில் மாற்றினேன். அமைவைச் சோதிக்கும் கட்டளை ‘சின்டக்ஸ் ஓகே’ என்றது. முகப்புப் பக்கம் வந்தது, படங்கள் வந்தன, நானும் வாட்ஸ்அப்பில் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் பின்னேரம், அந்தப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ரீச்சர் வேறு அலுவலாகத் தொலைபேசி எடுத்தார். கதையை முடிக்கும்போது, “தம்பி, இப்ப பாஸ்வேர்ட் கேக்கிறேல்லை, நல்ல சுகமாக் கிடக்கு” என்றார். நான் அதை எடுத்துவிட்டேன் என்று நினைத்து நன்றி சொல்கிறார்! எனக்குக் கை நடுங்கியது. உலாவியின் தனிச் சாளரத்தில் அந்த முகவரியை இட்டேன். பத்தாம் வகுப்பின் முதலாம் தவணை எக்செல் கோப்பு, பெயர்களும் புள்ளிகளுமாகக் கைப்பேசிக்குள் இறங்கியது.

நடந்ததை விளக்க அந்த அடைவின் அமைவில் இருந்த நான்கு வரிகள் போதும். மாற்றத்துக்கு முன்:

ஓடர் அலவ்,டினை
அலவ் ஃப்ரொம் ஆல்
ஓத்ரைப் பேசிக்
ரிக்வயர் வலிட்-யூசர்

மாற்றத்துக்குப் பின்:

ரிக்வயர் ஆல் கிராண்டட்
ஓத்ரைப் பேசிக்
ரிக்வயர் வலிட்-யூசர்

பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 2.2இல் ‘ஓடர்’, ‘அலவ்’, ‘டினை’ மூன்றும் படலை. ‘ரிக்வயர்’ என்பது வீட்டுக் கதவு. யார் எங்கிருந்து வருகிறார் என்று படலையில் பார்ப்பார்கள், அவர் யாரென்று கதவில் கேட்பார்கள். ‘சற்றிஸ்ஃபை எனி’ என்று வெளிப்படையாக எழுதாவிட்டால் இரண்டையும் கடந்தே உள்ளே போகலாம். படலை எல்லோருக்கும் திறந்திருந்தாலும் கதவில் கடவுச்சொல் கேட்டார்கள். என் பழைய அமைவு சொன்னது அதைத்தான். 2.4இல் படலையை எடுத்துவிட்டார்கள். எல்லாமே கதவில்தான், எல்லாமே ‘ரிக்வயர்’தான். ஒன்றுக்கு மேற்பட்ட ‘ரிக்வயர்’ வரிகள் அவற்றைச் சேர்த்துக் கட்டும் உறையெதுவும் இல்லாமல் அடுத்தடுத்து இருந்தால், அவற்றுள் ஏதாவது ஒன்று நிறைவேறினாலே போதும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ‘எல்லோரும் வரலாம், அல்லது கடவுச்சொல் உள்ளவர் வரலாம்’ என்று நான் எழுதியிருக்கிறேன். முதல் வரியே நிறைவேறிவிடுவதால் இரண்டாவதைக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. மென்பொருள் நான் சொன்னதையே செய்தது. அதைக் குறைகூற எனக்கு இடமில்லை.

அணுகல் பதிவைத் திறந்து பார்த்தேன். அதில் ஐபி முகவரியிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வருவது உள்நுழைந்தவரின் பெயர். வெசாக்குக்கு முன்னைய வரிகளில் ரீச்சர்மாரின் பயனர் பெயர்கள் வரிசையாக இருந்தன. அந்த இரவுக்குப் பின் ஒவ்வொரு வரியிலும் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. ஒன்பது நாட்களாக அந்தக் கோடு பதிவில் நின்றது. நான் பிழைப் பதிவை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், அதிலோ புதிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலானவை ஆசிரியர்களின் வருகைகள்தாம் என்று நேரங்களை வைத்து ஊகிக்க முடிந்தது. ஒரு தேடுபொறியின் தானியங்கி அந்த அடைவின் வாசல்வரை வந்து, 200, அதாவது திறந்திருக்கிறது என்ற விடையை வாங்கிக்கொண்டு போயிருந்தது. அன்றிரவே அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னவற்றை இங்கே எழுத விரும்பவில்லை.

புள்ளிக் கோப்புகளை வலைவழங்கியில் வைத்ததே முதற் பிழை என்று பின்னூட்டம் வரும். ஒப்புக்கொள்கிறேன். எஞ்சின்எக்ஸ் என்ற வேறொரு வலைவழங்கி மென்பொருளுக்கு மாறியிருக்கலாமே என்றும் வரும். மாறியிருந்தால் எல்லாக் கட்டளைகளையும் புதிதாக எழுத வேண்டியிருந்திருக்கும். அதே நள்ளிரவில் அதே ஆள் எழுதியிருப்பான். உண்மையில் எனக்குள்ள குறை வேறு. ஏற்றுவதற்கு முன் ஒத்திகை பார்க்க இன்னொரு சிறிய வழங்கியை ஒரே ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தரும்படி சங்கக் கூட்டத்தில் கேட்டிருந்தேன். ஓடுகிறதுதானே, எதற்கு இரண்டு என்றார்கள். அதே கூட்டத்தில் முகப்புப் பக்கத்தின் நிறத்தை மாற்றுவது பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள்.

திருத்தம் சிறியது. அந்த அடைவில் ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்ற வரியை அழித்தால் போதும். கடவுச்சொல் வரி தனியே நின்று தன் வேலையைச் செய்யும். அதிபரின் அடைவில்தான் சற்றுச் சிக்கல். பாடசாலையின் ஐபி முகவரியிலிருந்து வர வேண்டும், அதோடு கடவுச்சொல்லும் வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அதை ‘ரிக்வயர் ஐபி’ என்று ஒரு வரியாகவும் ‘ரிக்வயர் வலிட்-யூசர்’ என்று இன்னொரு வரியாகவும் மாற்றினால், கணினி அறையில் இருக்கும் எந்த மாணவனும் கடவுச்சொல் இல்லாமலே திறந்துவிடலாம். அந்த இரண்டு வரிகளையும் ‘ரிக்வயர்ஆல்’ என்ற உறைக்குள் இட வேண்டும். இங்கே பெயர்கள் குழப்பும்: ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்றால் எல்லோரையும் விடு, ‘ரிக்வயர்ஆல்’ உறை என்றால் எல்லா நிபந்தனையும் நிறைவேற வேண்டும். ஓர் இடைவெளி பொருளைத் தலைகீழாக்குகிறது. குறிப்பிட்ட ஒரு முகவரியை மட்டும் தடுக்க ‘ரிக்வயர் நொட் ஐபி’ எழுதுவதானாலும் இந்த உறைக்குள், ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்பதுடன் சேர்த்தே எழுத வேண்டும். மறுப்பு வரி தனியே நின்று எவரையும் உள்ளே விடாது.

அன்றிரவு தேடத் தொடங்கியதால் இன்னொன்றும் அகப்பட்டது. ‘அலவ்ஓவரைட்’ என்ற கட்டளையை எழுதாமல் விட்டால் 2.2 அதை ‘ஆல்’ என்று கொள்ளும்; 2.4 ‘நன்’ என்று கொள்ளும். அடைவுக்குள்ளேயே அதற்கான விதிகளை எழுதி வைக்கும் எச்ரிஅக்சஸ் கோப்பை 2.4 வாசிக்காது என்பதே இதன் பொருள். அந்தக் கோப்பை நம்பியிருக்கும் அழகான பக்க முகவரிகள் வேலை செய்யவில்லை என்றால் எவரும் முறையிடுவார்கள், உடனே தெரிந்துவிடும். ஆனால் காப்புப் பிரதிகள் இருந்த அடைவில் ‘டினை ஃப்ரொம் ஆல்’ என்று ஒரே வரியுடன் எச்ரிஅக்சஸ் வைத்திருந்தேன். அதுவும் வாசிக்கப்படவில்லை, எந்தப் பதிவிலும் ஒரு வரிகூட விழவில்லை. அந்த அடைவின் பெயரை எவரும் ஊகிக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

ஏனையவற்றுக்கு அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ‘நேம்வேர்ச்சுவல்ஹோஸ்ட்’ இப்போது எந்தப் பயனும் இல்லாதது, எச்சரிக்கை காட்டும், அழித்துவிடுங்கள். ‘மக்ஸ்கிளையன்ற்ஸ்’ என்பதற்குப் புதிய பெயர் வந்திருந்தாலும் பழைய பெயரும் செல்லும். ‘ஒப்ஷன்ஸ்’ வரியில் சிலவற்றுக்கு மட்டும் கூட்டல் கழித்தல் குறி இட்டிருந்தால் அப்பாச்சி எழும்பாது. அதைத் திருத்தாமல் நீங்கள் தப்பவே முடியாது என்பதால் அது நல்ல பிழை.

உங்களிடம் பழைய அமைவுக் கோப்பின் பிரதி இருக்குமென்று நம்புகிறேன். அதில் ‘ரிக்வயர்’ என்ற சொல் எங்கெங்கே இருந்தது என்று ‘கிரெப்’ இட்டுத் தேடி எடுங்கள், 2.2இல் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் உள்நுழைவு கேட்ட இடம். பிறகு ஒரு சாதாரண உரைக் கோப்பில், வரிக்கு ஒன்றாக ஒரு முகவரியையும் கடவுச்சொல் இல்லாமல் போனால் அங்கே வர வேண்டிய எண்ணையும் எழுதுங்கள்: திறந்த பக்கத்துக்கு 200, கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கு 401, மூடிய அடைவுக்கு 403. ‘கேர்ல்’ கட்டளையால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வந்த எண்ணை அருகில் குறியுங்கள். என் கோப்பில் நாற்பது வரிகளுக்குக் கொஞ்சம் மேல் இருந்தன. எழுத ஒரு மணித்தியாலம் சென்றது, ஓட்டி முடிக்க அரை நிமிடமும் செல்லவில்லை. 401 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால், ‘லொக்லெவல்’ வரியில் ‘ஓத்ஸ்_கோர்’ என்ற மொடியூலை மட்டும் ‘டிபக்’ நிலைக்கு ஏற்றிவிட்டு மறுபடி தட்டுங்கள். எந்த ‘ரிக்வயர்’ வரி உள்ளே விட்டது என்று ஏஎச்01626 எண்ணுடன் பிழைப் பதிவில் எழுதிக் காட்டும். மொடியூல் வாரியாக இப்படிப் பேசவைப்பது 2.4இல் வந்த வசதி. பார்த்து முடித்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவு வீங்கிவிடும்.

‘எங்கள் நிறுவனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே சம்பளப் பட்டியலோ வாடிக்கையாளர் கோப்போ கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தால், மேலே சொன்ன பட்டியலை நாளைக்கு எழுதலாம். அந்த ஒரு முகவரியை மட்டும் இப்போதே, உள்நுழையாத ஒரு கைப்பேசியில் திறந்து பாருங்கள்.