கேரவன் இழுக்க எந்த ஃபோர் வீல் டிரைவ்? கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் கேரவன் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கேட்டவரின் ஊர் இருக்கிறது. முதலிலேயே ஒரு வேண்டுகோள்: வண்டியின் பெயரை மட்டும் எழுதி "இழுக்குமா?" என்று கேட்காதீர்கள். கேரவனின் ஏடிஎம் எவ்வளவு என்று சேர்த்து எழுதுங்கள். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு கேரவன் எட்டக்கூடிய உச்ச எடை அது.

டான்டெனாங்: அண்ணா, இசுசு எம்யூ-எக்ஸ் 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கு. நாங்கள் பார்த்து வைத்திருக்கிற கேரவனின் ஏடிஎம் 3,200. பெரியாட்கள் இரண்டு பேர், வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். எடுக்கலாமோ?

எடுக்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாதிப் பேரின் கேள்வி இதுதான்.

2021-இல் வந்த எம்யூ-எக்ஸின் ஜிவிஎம் 2,800 கிலோ. வண்டியின் சொந்த எடையும் அதன் மேல் ஏறும் அத்தனையும் சேர்ந்து இதைத் தாண்டக்கூடாது. கேரவனின் மூக்கு டோ பாலில் (கேரவனை மாட்டும், வண்டியின் பின்னால் உள்ள இரும்புக் குண்டு) அழுத்துகிற பாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். அந்தப் பாரம் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 320 கிலோ. வண்டி டீசலோடு ஏறக்குறைய 2,180. மீதி 300 கிலோ. நீங்கள் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தாலே அது தீர்ந்துவிடும். டோ பார், முன்னால் புல் பார், பின்னால் ஃபிரிட்ஜ் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

அப்புறம் ஜிசிஎம். வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்கு வரம்பு 5,900. விளம்பரத்தில் சொன்னபடி முழு 3,500 கிலோவை மாட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,400. வெறும் வண்டியே 2,180 என்றேன். ஓட்டுநரும் அவர் மனைவியும் ஒரு சூட்கேஸும் போகலாம், பிள்ளைகள் பஸ்ஸில் வர வேண்டியதுதான். இந்த வண்டிக்கு 2,500 கிலோவுக்குள் கேரவன் பாருங்கள். அப்போதும் ஐந்து பேர் என்றால் சாமானை அளந்துதான் ஏற்ற வேண்டும்.

எதை வாங்கினாலும் முதல் பயணத்துக்கு முன் முழு லோடோடு எடை மேடைக்குப் போய் நிறுத்திப் பாருங்கள்.

பராமட்டா: லேண்ட்குரூஸர் 300-ஆ, நிஸான் பாட்ரோலா? கேரவன் 3,000 கிலோ.

இரண்டும் தாங்கும். லேண்ட்குரூஸர் 3.3 லிட்டர் டீசல், 700 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை), அதுவும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே கிடைக்கும். மேட்டில் அலட்டிக்கொள்ளாது. ஜிசிஎம் 6,750. பாட்ரோல் 5.6 லிட்டர் பெட்ரோல் வி8, ஜிசிஎம் 7,000, விலையும் குறைவு. ஆனால் கேரவனோடு 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். நல்லார்பரில் எதிர்க்காற்று அடித்தால் 140 லிட்டர் டாங்கும் கண்ணெதிரே இறங்கும். வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் பாட்ரோல், மாதக்கணக்கில் சுற்றப் போகிறீர்கள் என்றால் டீசல். என் கருத்து அவ்வளவுதான்.

இறக்கத்தை மறந்துவிடாதீர்கள். ஹெலன்ஸ்பர்க் கோயிலைத் தாண்டி வுல்லங்காங் இறங்கும் மவுண்ட் ஊஸ்லியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கீழே வருவதற்குள் புகை வரும். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள்.

கான்பெரா: ராவ்4 ஹைப்ரிட், கேரவன் 1,800 கிலோ?

இல்லை. 2019-இல் வந்த மாடலின் ஆல் வீல் டிரைவுக்கே 1,500தான்.

பெர்த்: அண்ணே, டபுள் கேப் யூட் (பின்னால் சாமான் ஏற்றும் டிரே உள்ள பிக்கப்) வைத்திருக்கிறேன். கேனப்பி (டிரேயை மூடும் பெட்டி), டூல் பாக்ஸ், இரண்டாவது பாட்டரி எல்லாம் உண்டு. 3,000 கிலோ கேரவனை மாட்டினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை, அதான் ஏர்பேக், போட்டால் சரியாகுமா?

பார்வைக்குச் சரியாகும். பாரம் போன இடத்திலேயே இருக்கும். டோ பாலில் 300 கிலோ, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.2 மீட்டர், பின் ஆக்ஸிலிலிருந்து டோ பால் 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்ஸிலில் ஏறுவது 300 இல்லை, 412 கிலோ. மீதி 112 கிலோ முன்பக்கத்திலிருந்து கழிந்துவிடும். ஸ்டியரிங் லேசாகிறது, பிரேக்கின் பிடியும் குறைகிறது. ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துமே தவிர அந்த 112-ஐ முன்னால் கொண்டுபோகாது. அதற்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேண்டும், பின்பக்கப் பாரத்தில் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்குத் தள்ளும் இணைப்பு அது.

பெர்த், மறுபடியும்: எல்லாரும் ஏர்பேக்தான் போடுகிறார்கள். சட்டப்படி விற்கிற பொருள்தானே?

விற்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றாமல் குனிந்து பாருங்கள். பாரம் சேஸிக்கு இரண்டு இடங்களில் போகிறது, ஸ்பிரிங்கின் முன் முனையிலும் பின் முனையிலும். நடுவில் ஏர்பேக்கை வைத்துக் காற்றை ஏற்றினால், ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் சேஸியைக் கீழிருந்து குத்துகிறீர்கள். பின்னால் 300 கிலோ தொங்குகிறது, ரோட்டில் பள்ளம் வருகிறது. கேப்புக்கும் டிரேக்கும் இடையே உள்ள இடைவெளி மேலே விரிந்து, கீழே குறுகி நிற்கும் யூட்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சேஸி வளைந்த அடையாளம் அது.

பிரிஸ்பேன்: பெர்த் நண்பர் சொல்வதுதான் சரி. நானும் ஏர்பேக் போட்டுத்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஓவர்லோடு ஏற்றினால் எந்த சேஸியும் வளையும், ஏர்பேக்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஓவர்லோடுதான் மூலகாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்பக்கம் உட்கார்ந்தால் "பாரம் அதிகம்" என்று வண்டியே சொல்கிறது என்று அர்த்தம். காற்றடித்து அதன் வாயை அடைத்துவிட்டு இன்னும் ஒரு ஜெர்ரி கேன் ஏற்றுகிறோம். பெர்த் தம்பி, கேனப்பியைக் காலி செய்து, கனமான சாமானை ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். பிறகும் தேவைப்பட்டால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். எடை மேடைச் சீட்டு இல்லாமல் ஏர்பேக் பற்றி இனி யாரும் எழுத வேண்டாம்.

டூங்காபி: 3,500 கிலோ என்று பிரோஷரிலேயே போட்டிருக்கிறதே, பிறகு ஏன்...

டான்டெனாங் பதிலைப் படியுங்கள்.

ஆடலெய்ட்: டெஸ்லா மாடல் ஒய் இழுக்குமா?

1,600 கிலோ வரை. ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல சார்ஜர்களில் கேரவனைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டுத்தான் வண்டியை நுழைக்க முடியும்.

சிட்னி: மகனுக்கு சிவப்பு பி (பி1, புது ஓட்டுநருக்கான தற்காலிக உரிமம்) கிடைத்திருக்கிறது. அவன் கொஞ்ச தூரம் ஓட்டலாமா?

கேரவனோடு கூடாது. நியூ சவுத் வேல்ஸில் பி1 உரிமத்துக்கு, காலி எடை 250 கிலோவைத் தாண்டிய டிரெய்லரே ஆகாது.

ஜீலாங்: கேரவன் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

வண்டியின் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டாஷ்போர்டில் இருக்கிற பிரேக் கன்ட்ரோலரைக் கையால் இயக்கி, கேரவன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே கை பழக வேண்டும். ஆட்டத்துக்கு முக்கியக் காரணம் கேரவனின் வால் பக்கம் பாரம் கூடுவது. பின் பம்பரில் இரண்டு சைக்கிள், ஒரு ஜெனரேட்டர் என்று மாட்டுகிறவர்கள் கவனிக்க.

ஹோபார்ட்: நாங்கள் கேரவன் பார்க்குக்குத்தான் போவோம். ஃபோர் வீல் டிரைவ் எதற்கு? 3,500 கிலோ இழுக்கிற டூ வீல் டிரைவ் போதாதா?

எடை மேடை! அந்த 3,500-ஐ விடவே மாட்டீர்கள் போலிருக்கிறது. சரி, மற்றதற்குப் பதில்: தார் ரோட்டில் போதும். மழை பெய்த புல்தரையில் கேரவனை ரிவர்ஸில் ஏற்றும்போதுதான் தெரியும். மேடான சைட்டில் லோ ரேஞ்ச் (ஃபோர் வீல் டிரைவில் மெதுவாக ஊர்வதற்கான தனி கியர் நிலை) போட்டால் வண்டி ஊர்ந்து போகும், கியர்பாக்ஸும் சூடாகாது. ஒன்று மட்டும்: பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் மாற்றுவது) என்றால் காய்ந்த தாருக்கு வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள்.