மூங்கில் வில் ஏன் முறிகிறது, ஏன் வளைந்தபடியே நின்றுவிடுகிறது?

கேள்வி: எங்கள் ஓடைக்கரையில் முள் மூங்கில் புதர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இரண்டு வில் செய்து பார்த்தேன். முதல் வில்லின் பச்சைத் தோலைச் சீவி, கணுக்களை அரத்தால் ராவி, வழவழப்பாக்கினேன். நாலைந்து முறை இழுத்ததும் கணுவில் சிலாம்பு கிளம்பி முறிந்துவிட்டது. இரண்டாவதை, வெட்டிய வாரத்திலேயே செய்தேன். அது முறியவில்லை. ஆனால் நாணை அவிழ்த்தாலும் வளைந்தபடியே நிற்கிறது, அம்பு முப்பது அடிகூடப் போவதில்லை. வெளிநாட்டு யூ மரம் இருந்தால்தான் நல்ல வில் வரும் என்கிறார் நண்பர். உண்மையா? என் 12 வயது மகளுக்கும் ஒன்று செய்து தர ஆசை. (தென்காசி மாவட்ட வாசகர்)

பதில்: யூ மரத்தைத் தேடி அலைய வேண்டாம். இங்கிலாந்துக்காரர்கள் யூ மரத்தில் அற்புதமான வில் செய்தார்கள் என்பது உண்மைதான். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட யூ விற்கள் கிடைத்தன. ஆனால் டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுப் பழைமையான விற்கள் எல்ம் மரத்தில் செய்தவை. பூட்டானில் வில்வித்தை தேசிய விளையாட்டு, அங்கே மரபு வில் மூங்கிலில்தான். மேற்கு, மத்திய இந்தியாவின் பில் பழங்குடி மக்கள் மூங்கிலில் வில் செய்வதோடு, நாணையும் மூங்கில் பட்டையிலேயே போடுகிறார்கள். அந்தந்த மண்ணில் விளைவதை வைத்து அவரவர் செய்தார்கள். உங்கள் ஓடைக்கரை மூங்கிலில் குறை இல்லை, அதைக் கையாண்ட விதத்தில்தான் குறை.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் வெளிப்பக்கம் இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் உட்பக்கம் நசுங்குகிறது. மூங்கிலைக் குறுக்கே வெட்டி அந்த வெட்டு முகத்தை உற்றுப் பாருங்கள். தோலை ஒட்டிக் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போகக் கலைந்து நிற்கும். அந்தப் புள்ளிகளைச் சுற்றித்தான் நார்க் கட்டுகள் இருக்கின்றன. இழுப்பைத் தாங்கும் பலத்தில் பெரும்பகுதி தோலுக்கு அடியில் குவிந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் வில்லில் நீங்கள் சீவி எறிந்தது அந்தப் பலத்தைத்தான். கணுவில் நார்கள் நேராக ஓடாமல் மேலெழும்பித் திரும்பும். அங்கே அரம் போட்டால் நார் பாதியில் அறுபடும், அறுபட்ட முனை இழுப்பில் கிளம்பிச் சிலாம்பாகும். ஆகவே வெளிப்பக்கத்தில் கத்தி, அரம் எதுவும் படக்கூடாது. கணுவில் கையைக் கிழிக்கும் கூர்விளிம்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் அதை மட்டும் மழுக்கினால் போதும்.

இரண்டாவது வில் கெட்டது ஈரத்தால். பச்சை மூங்கிலின் உட்பக்கம் நசுங்கினால் நசுங்கியபடியே நின்றுவிடும், திரும்பி நிமிராது. காயாத எந்த மரத்திலும் இதே கதைதான்.

மறுபடி வெட்டும்போது மூன்று, நாலு வயதுக் கழியாகப் பாருங்கள். இளங்கழியில் கணுவில் உறை ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே வெண்பொடி படிந்திருக்கும். முற்றிய கழியில் இரண்டும் இராது, பச்சை மங்கி அங்கங்கே பாசித் திட்டு தெரியும். மழை முடிந்து தை, மாசியில் வெட்டுங்கள். தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள். அதைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ஆனால் பருவத்தைத் தவறவிடக் கூடாது. மாவுச்சத்து மிகுந்த காலத்தில் வெட்டினால் வண்டு துளைத்து உளுத்துவிடும். பட்டா நிலத்து மூங்கில்தானா, வெட்டலாமா என்ற தயக்கம் இருந்தால்: 2017-இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. வனமல்லாத நிலத்தில் வளர்வதை வெட்ட அந்தச் சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் உங்கள் பகுதி வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காட்டு மூங்கிலில் கை வைக்கக் கூடாது.

கழியின் அடிப்பகுதியில்தான் சுவர் தடிமன். வளைவில்லாத ஆறடித் துண்டை எடுத்து, இரண்டங்குல அகலப் பத்தைகளாகப் பிளந்து, இரண்டு மூன்று வாரம் ஓடும் தண்ணீரில் போட்டு வையுங்கள். மாவுச்சத்து கரைந்து போகும். அப்புறம் நிழலில், காற்று படும்படி, இரண்டு மூன்று மாதம் காயட்டும். காய்ந்ததா என்று தெரிய எடை போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த வாரங்களில் எடை மாறாமல் நின்றால் தயார்.

வில்லின் நீளம் ஐந்தரை அடி. நடுவில் நாலங்குலம் பிடி. பிடியின் இருபுறமும் ஒன்றரை அங்குல அகலம், பாதித் தூரத்திலிருந்து குறைந்து குறைந்து நுனியில் அரை அங்குலம். நடுப்புள்ளியிலிருந்து கணுக்கள் இருபக்கமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் விழும்படி அளவெடுங்கள். மிகச் சரியாக அமையாது, முடிந்தவரை போதும். பக்கங்களை இழைத்துவிட்டு, உள்ளே துருத்தும் கணுத் தடுப்பைச் செதுக்கி, உட்பக்கத்தை எல்லா இடத்திலும் சுமார் 15 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டு வாருங்கள். பிடியை மட்டும் தொடாதீர்கள்.

இனிதான் உண்மையான வேலை. முக்கால்வாசி வில் இந்த இடத்தில்தான் கெடுகிறது. வில்லின் இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி, ஓரிடத்திலும் மடங்காமல் வளைய வேண்டும். அதற்கு உட்பக்கத்தைச் சுரண்ட வேண்டும். எவ்வளவு சுரண்டுவது? அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிமனைப் பாதியாக்கினாலோ விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 10 மில்லிமீட்டர் இருந்த இடம் 9 ஆனாலே விறைப்பில் கால்வாசிக்கு மேல் போய்விடும். அரிவாளின் ஒரே சீவலில் ஒரு மில்லிமீட்டர் போகுமே! அதனால் கடைசிக் கட்டத்தில் அரிவாளை வைத்துவிட்டு உடைந்த கண்ணாடிச் சில்லை எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சில்லைச் சற்றுச் சாய்த்து, நீளவாக்கில் இழுத்தால் தலைமுடி மாதிரி மெல்லிய சுருள் வரும். ஓரிடத்தில் பத்து இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் தளர்வான கயிற்றைக் கட்டி, வில்லின் பிடியைச் சுவரில் அறைந்த கட்டையில் படுக்கவைத்து, கயிற்றைக் கீழே ஒரு கப்பி வழியாகத் தூரத்திலிருந்து இழுங்கள். நடுவே பழைய பேப்பர்க்காரர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் இழுக்க, இன்னொருவர் எதிரே நின்று செல்போனில் படம் எடுக்கட்டும். கண்ணை விடப் படம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். எங்கே விறைத்து நேராக நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறித்துச் சுரண்டுங்கள். எங்கே அதிகமாக வளைகிறதோ அந்த இடத்தை மறந்துவிடுங்கள், அதைச் சுற்றியுள்ளவற்றைத்தான் குறைக்க வேண்டும். சுரண்டிய பிறகு இருபது முப்பது முறை கொஞ்சமாக இழுத்துவிட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். மாற்றம் உடனே தெரியாது.

நுனிகள் ஐந்தாறு அங்குலம் சமமாக இறங்கியதும் சரியான நாணை ஏற்றுங்கள். பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஆறங்குலம் இருக்கட்டும். உங்களுக்கு முதல் வில் என்பதால், முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை 30 பவுண்டு, அதாவது 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இருந்தால் போதும். எந்தக் கட்டத்திலும் தராசு 14 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் பன்னிரண்டு அங்குல இழுப்பிலேயே (பிடியிலிருந்து நாண் வரை அளந்தது) 14 காட்டும். சுரண்டச் சுரண்ட அது பதினைந்து, இருபது என்று தள்ளிப்போகும். 26 அங்குலத்தில் 14 காட்டினால் வில் முடிந்தது. இந்த ஒரு விதியை விடாமல் பிடித்தால் வளைந்து நின்றுவிடும் வில் உங்களுக்கு வராது என்றே நினைக்கிறேன். இடையில் உட்பக்கத்தில் மெல்லிய குறுக்கு வரிகள் தோன்றினால் அந்த இடம் நசுங்குகிறது என்று பொருள். இழுப்பதை நிறுத்திவிட்டு மற்ற இடங்களைக் குறையுங்கள்.

நாணுக்கு நைலான் வேண்டாம், அது நீளும். எருக்கு நாரும் மரல் நாரும் நம் நாட்டில் நெடுங்காலமாக நாணுக்குப் பயன்பட்டவை. எருக்கந்தண்டின் பட்டையை உரித்துக் காயவைத்துக் கசக்கினால் பட்டுப் போன்ற நார் பிரியும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வைக்கே ஆபத்து. இரண்டு புரிகளைத் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கி, ஒன்றையொன்று எதிர்ப்பக்கமாகப் பின்னி, தேன்மெழுகு தேயுங்கள். வில்லின் இழுப்பைப் போல நாலு மடங்கு எடையை நாண் தாங்க வேண்டும். ஒரு சிமெண்ட் மூட்டையும் மேலே ஐந்தாறு கிலோவும், தரையிலிருந்து ஓரங்குலம் மட்டும் உயரத்தில், தொங்கவிட்டுப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் மெழுகிட்ட பாலியெஸ்டர் தையல் நூலை, அதே சோதனைக்குப் பிறகு, பயன்படுத்தலாம்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய வேகம் வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைத்துவிடும். மிக லேசான அம்பும் இதே கெடுதல்தான், 20 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எய்து முடித்ததும் நாணை இறக்கி, வில்லைப் படுக்கவைத்தபடி நிழலில் வையுங்கள்.

மகளுக்கு நாலரை அடி நீளம், அகலம் ஒன்றேகால் அங்குலம், இழுப்பு 15 பவுண்டு, தராசில் ஏழு கிலோ. அவள் எவ்வளவு தூரம் வசதியாக இழுக்கிறாள் என்று ஒரு குச்சியை மார்பில் ஊன்றி அளந்து, அந்த அளவோடு வளைவை முடியுங்கள். அம்பின் முனை மழுங்கியதாக இருக்கட்டும். இலக்குக்கு வைக்கோல் கட்டு, அதற்குப் பின்னால் மண்மேடு, பக்கத்தில் நீங்கள். முயல், பறவை என்று குறிவைக்க விடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், வில்லும் அம்பும் அதற்கு விலக்கல்ல.