1440 மதிப்பெண்ணைக் கல்லூரிகளுக்கு அனுப்பலாமா, மறைத்துவிடலாமா?

மதிப்பெண் அனுப்புவது கட்டாயமில்லை என்று சொல்லும் கல்லூரிகளுக்கு மகள் எஸ்.ஏ.டி.யில் (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு, மொத்தம் 1600) எடுத்த 1440ஐ அனுப்பினால் கெடுதலாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர் பிள்ளை 1560 வாங்கியிருக்கும். "1500க்குக் கீழே என்றால் வெளியே காட்டாதீர்கள்" என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள், அதுவும் பெரும் பணம் வாங்கிக்கொண்டு.

என் மகன் நியூ ஜெர்சியில் ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் படித்தவன். முதலில் எழுதியபோது கணிதம் 740, ஆங்கிலம் 690. பிறகு எழுதியதில் கணிதம் 780க்கு ஏறியது, ஆங்கிலம் 670க்கு இறங்கியது. நாங்கள் அமர்த்திய ஆலோசகர் தாளைப் பார்த்ததும், "எங்கும் அனுப்ப வேண்டாம்" என்று முடித்துவிட்டார். எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

மகன் அதை ஏற்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' அறிக்கைகளை எடுத்து உட்கார்ந்தான். அதில் சி9 என்ற பகுதியைப் பாருங்கள். சேர்ந்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் அனுப்பினார்கள், அவர்களில் கீழ்க்கால்வாசிப் பேரின் எல்லை எது, மேல்கால்வாசி எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் இருக்கும். அது அனுப்பியவர்களின் கணக்கு மட்டுமே. குறைவாக எடுத்தவர்கள் மறைத்துவிடுவதால் எண்கள் தாமாகவே மேலே ஏறி நிற்கின்றன. அந்த ஏறிய எண்ணைக் காட்டித்தான் நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

அவன் பொறியியலுக்கு விண்ணப்பித்தான். பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எடுத்த சிறந்த பகுதிகளைச் சேர்த்துப் பார்க்கும், சூப்பர்ஸ்கோர் என்பார்கள். 780உம் 690உம் சேர்ந்து 1470. எங்கள் ஊர்ப் பள்ளியில் 1200ஐத் தாண்டினாலே பெரிய விஷயம். அந்தச் சூழலில் 1470ஐ மறைப்பது அநியாயம் என்று அவனே முடிவெடுத்து, எங்கெல்லாம் தன் மதிப்பெண் கீழ்க்கால்வாசி எல்லைக்கு மேல் இருந்ததோ அந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்பினான். அவற்றில் ஒன்றில்தான் இப்போது மெக்கானிக்கல் படிக்கிறான்.

ஒரு பிள்ளையை வைத்து விதி சொல்லலாமா என்று சிலர் வருவார்கள். அந்த மதிப்பெண்ணால்தான் இடம் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில் டார்ட்மவுத் கல்லூரி எஸ்.ஏ.டி. போன்ற தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியபோது சொன்ன காரணத்தைப் படியுங்கள்: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்தவர்கள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்களையே மறைத்துவிட்டார்கள் என்று அவர்களுடைய ஆய்வு சொன்னது. மதிப்பெண்ணைப் பள்ளியின் சூழலோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

எம்.ஐ.டி., ஹார்வர்ட் போன்றவை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டதால் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கை முடிவுக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். எட்டாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர் வந்து, "எஸ்.ஏ.டி. வகுப்பு இருக்கிறது, இனி வர முடியாது" என்று பிள்ளைகளை நிறுத்துகிறார்கள். கட்டுரை எழுதத் தொடங்கும் வயதில் நிறுத்துகிறார்கள்! இத்தனைக்கும் நியூ ஜெர்சியில் இருமொழித் திறனுக்கு மாநில அங்கீகார முத்திரையே (சீல் ஆஃப் பைலிட்டரசி) உண்டு, தமிழுக்கும் வாங்கலாம். அதைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்கள் மகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதியிருந்தால், எந்தத் தேதியின் மதிப்பெண் போக வேண்டும் என்று எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் தளத்தில் தேர்ந்தெடுக்கலாம். ஜார்ஜ்டவுன் போல எழுதியது அனைத்தையும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. அதனால் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் அதன் சேர்க்கைப் பக்கத்திலேயே படித்துவிட்டு அனுப்புங்கள்.