காஜாவின் பிறந்த வீடு

கேள்வி: சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். "காஜா எடுப்பதுதான் பாக்கி" என்று கடையில் சொன்னார்கள். காஜா என்பது தமிழ்ச் சொல்லா? அதை முதலில் எடுத்த தையற்காரரின் பெயரே சொல்லாகிவிட்டது என்கிறார் என் மாமனார். (விருதுநகர் வாசகர்)

பதில்: அந்தக் கதையை நானும் கேட்டிருக்கிறேன், சுவையான கதைதான், ஆனால் உண்மையில்லை. காஜா மொய்தீன் போன்ற பெயர்களில் வருவது 'குவாஜா' என்னும் பாரசீக மரியாதைச் சொல்லின் திரிபு. சட்டைக் காஜாவுக்கு அதனோடு உறவில்லை. (காக்கிநாடா காஜாவோடும் இல்லை, அது பாகில் ஊறும் இனிப்பு.)

நம் காஜா போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் 'காசா' என்றால் வீடு. பொத்தான் புகுந்து தங்கும் துளையையும் அவர்கள் 'பொத்தானின் வீடு' என்றே அழைக்கிறார்கள். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் அந்தச் சகரம் அவர்கள் வாயில் அதிர்ந்து ஒலிப்பதால், நம் காதில் அது ஜகரமாக விழுந்தது. மேசை என்றும் மேஜை என்றும் நாம் இருவிதமாக எழுதும் சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். அதிலும் இதே ஒலிதான். இந்தியிலும் மராத்தியிலும் இச்சொல் 'காஜ்' என்று வழங்குகிறது.

தைக்கும் தொழில் நமக்குப் புதிதன்று. புகார் நகரத் தொழிலாளரை அடுக்கிச் சொல்லும் சிலப்பதிகாரம், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. ஆனால் வேட்டியும் சேலையும் உடம்பில் சுற்றி உடுத்துபவை. அங்கி போன்ற தைத்த உடைகளையும் பெரும்பாலும் நாடாவால் முடிந்துகொண்டார்கள். 1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்த்துக்கீசியர் பின்னர் நாகப்பட்டினம், மயிலாப்பூர், தூத்துக்குடி என்று நம் கரையிலும் நிலைகொண்டபோது, ஜன்னல், சாவி, அலமாரி என்னும் சொற்களைப் போலவே காஜா என்னும் சொல்லும் வந்தது.

கேள்வி: அப்படியானால் 'பொத்தான் துளை' என்று தமிழிலேயே சொல்லலாமே? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: பொத்தானும் போர்த்துக்கீசியம்தானே, அம்மா! பொத்தல், பொத்துதல் என்னும் நம் சொற்களோடு ஓசை ஒத்துப்போவதால் அது சொந்தப் பிள்ளைபோல நடமாடுகிறது. அதுவன்றியும், துளை வேறு, காஜா வேறு என்பது என் கருத்து. பூச்சி அரித்தாலும் துணியில் துளை விழும். காஜா என்பதோ, பொத்தானின் அகலத்தோடு அதன் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, துணியைக் கீறி, பிரிந்த விளிம்பு முழுவதும் நூலை நெருக்கமாக முடிச்சிட்டுச் சுற்றி, இழுபடும் முனைகளில் குறுக்கே கட்டுப் போட்டு முடிக்கும் வேலை. இயந்திரம் வருவதற்கு முன் கையால் ஒரு காஜா எடுத்து முடிக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் தொழில் பழக வரும் சிறுவனிடம் முதலில் ஒப்படைக்கப்பட்டது அந்த வேலைதான். தையல் இயந்திரத்தில் உட்காரும் தகுதி வரும்வரை அவனுக்குக் 'காஜா பையன்' என்றே பெயர். 'துளைப் பையன்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சட்டையின் மற்றக் காஜாக்கள் நெடுக்காக இருக்கக் கழுத்துப் பட்டையில் உள்ளது மட்டும் குறுக்காக இருப்பது ஏன்? (கோவை வாசகர்)

பதில்: கழுத்துப் பட்டை பக்கவாட்டில் இழுபடும். குறுக்குக் காஜாவில் பொத்தான் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுகொள்வதால், எளிதில் கழன்றுவிடாது. முன்பட்டி குறுகலானது, அங்கே நெடுக்காக எடுத்தால்தான் காஜா பட்டிக்குள் அடங்கும், பொத்தான்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். உட்காரும்போது இடுப்பருகே இழுபடுவதை எண்ணிச் சில சட்டைகளில் கடைசிக் காஜாவையும் குறுக்காக எடுப்பதுண்டு.